ரஜ்ஜுவில் நின்ற கம்ப்யூட்டர்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு மாடியறையில், ஒற்றைக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஊரின் தலையெழுத்தை அச்சடித்துக் கொடுத்த காலம் எனக்கு ஒன்று உண்டு. தொண்ணூறுகளின் கடைசி. வாசலில் ‘கம்ப்யூட்டர் ஜாதகம்’ என்று பலகை. ஜோசியர் சொன்னால் ஆளைப் பார்த்துச் சொல்கிறார் என்று சந்தேகப்பட்ட சனம், அதையே பெட்டி சொன்னால் கண்ணில் ஒற்றி வாங்கிப் போனது. பெட்டிக்கு மாமன் மச்சான் கிடையாது பாருங்கள்.

அந்தப் பெட்டிக்கு ஒரு குணம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று அணைந்துவிடும். சில நாள் தானே மறுபடி கிளம்பி, ஒன்றுமே நடக்காத முகத்தோடு முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆளில்லாத நேரத்தில் நான் தட்டிவைத்த கவிதைகள் பல பாதி வரியில் மாண்டுபோயின. தமிழுக்கு அது செய்த தொண்டாக இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

கடை முதலாளி பக்திமான். காலையில் வந்ததும் பெட்டிக்கு விபூதிப் பட்டை, நடுவே குங்குமம், பிறகு பத்தி, பிறகு அறையே மறையும்படி சாம்பிராணி. நின்றுபோவதற்குக் காரணம் கண்ணேறு என்பது அவர் தீர்ப்பு. மானிட்டர் தலையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. மதுரையிலிருந்து என்ஜினியர் ஒருவர் வருவார். எதைச் சொன்னாலும் “வைரஸ்” என்பார். உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து மறுபடி ஏற்றுவார். வடை தின்பார். போய்விடுவார். மறுநாள் பெட்டி சுத்தமாக, வைரஸ் இல்லாமல், நின்றுபோகும்.

இந்த லட்சணத்தில்தான் அந்தக் குடும்பம் படியேறி வந்தது. சேவுகம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர், அவருடைய மகள், மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளை வரவில்லை, ஒட்டன்சத்திரத்தில் அவர்களுக்குத் தக்காளி மண்டி, கல்லாவை விட்டு எழ நேரமில்லையாம். இரண்டு பிறந்த நேரங்களையும் தட்டினேன். தினம் பொருந்தியது, கணம் பொருந்தியது. ரஜ்ஜுவுக்கு வந்தபோது, அதாவது புருஷன் ஆயுசைச் சொல்லுகிற இடத்துக்குச் சரியாக வந்தபோது, திரை இருண்டது. மறுபடி போட்டேன். மறுபடி ரஜ்ஜு. மறுபடி இருட்டு.

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். “ஏனுங்க, மெஷினே வேண்டாங்குதுங்க.”

“மெசினுக்கு என்னங்க தெரியும், ரிப்பேருங்க அது!” என்று பதறினார் விவசாயி. இரண்டு நிமிஷத்துக்கு முன்னால், மெஷின் பொய் சொல்லாது என்று அந்த அம்மாளுக்கு உறுதி கொடுத்தவரும் அவர்தான். கெஞ்சிக் கூத்தாடி, வெள்ளிக்கிழமை ரிப்பேர் பார்த்தபின் இன்னொரு தரம் பார்ப்பதென்று முடிவானது. சம்பந்தியம்மாளை பஸ் ஏற்ற அவர் இறங்கிப்போனார்.

அந்தப் பெண் மட்டும் இருந்தாள். அதுவரை யாரும் அவளிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

“அண்ணே, இத சரி பண்ணாதீங்க.”

“என்னம்மா?”

“எனக்கு பி.எட். சீட்டு வந்திருக்கு. அவுக வீட்ல டீச்சர் வேலையெல்லாம் வேணாமாம். மண்டியில கணக்குச் சிட்டை எழுத ஆள் வேணுமாம். அப்பாகிட்டச் சொன்னா, மெசினு என்ன சொல்லுதுன்னு பாப்பம்ங்குறாரு. நீங்க பாட்டுக்கு விட்ருங்க, அது பாட்டுக்கு நிக்கட்டும்.”

பழுது பார்ப்பது எல்லோரும் செய்கிற காரியம். பழுதைப் பத்திரமாகக் காப்பாற்றி, சொன்ன கிழமையில் சொன்ன நேரத்தில் வரவழைப்பது எப்படி என்று எந்த இன்ஸ்டிட்யூட்டிலும் சொல்லித்தரவில்லை. அதற்கு முதலில் அது ஏன் நிற்கிறது என்று தெரியவேண்டும். அதுவரை யாருக்கும் அந்த எண்ணமே தோன்றாததுதான் ஆச்சரியம்.

வேறு பிளக்கில் செருகிப் பார்த்தேன், நின்றது. ராம் என்கிற மெமரி அட்டையைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டினேன், நின்றது. ஒரு வேலையும் கொடுக்காமல் சும்மா ஓடவிட்டேன். சும்மா ஓடி, சும்மா நின்றது. ஆனால் காலை வேளையில் தாக்குப்பிடித்தது. கூரை காய்ந்து மத்தியானம் ஏற ஏற, சீக்கிரம் சீக்கிரமாக விழுந்தது. பெட்டியின் பின்பக்கம் கையை வைத்தேன். தோசைக்கல். உள்ளேயிருந்து வரவேண்டிய காற்று ஒரு மூச்சுக்கூட வரவில்லை. கழற்றினால், பவர் பெட்டியின் விசிறி இதழ் இதழாக விபூதியும் பத்திச் சாம்பலும் சாம்பிராணிப் பிசினும் அப்பி, அசையாமல், நிஷ்டையில் இருந்தது. கண்ணேறு கழிக்கப் போட்ட புகையத்தனையையும் பாவம் மூச்சாக இழுத்திருக்கிறது.

ஒரு பழைய பல் பிரஷ் போதும். பல் பிரஷைத் தொடாமல் மூடினேன். வெள்ளிக்கிழமை காலையிலேயே பெட்டியைப் போட்டு, ஜன்னலைச் சாத்தி வைத்தால் மதியத்துக்குள் தானாகப் பழுத்துவிடும் என்று கணக்கு.

வெள்ளிக்கிழமை நான் படியேறும்போதே மேலே ஒரு இரைச்சல், கரும்பு ஜூஸ் மெஷின் மாதிரி.

“ஏலே அப்பு,” என்றார் முதலாளி, முகமெல்லாம் பல்லாக. “நேத்து நீ போனப்பறம் என்ஜினியர் வந்தாரு. பவர் பெட்டியவே மாத்திட்டாரு. இனி ஒம் பாட்டன் வந்தாலும் நிக்காது.”

வருஷம் பூராவும் வைரஸைத் தவிர வேறொன்றும் அறியாத மனுஷனுக்கு நேற்றைக்கென்று ஞானம் பிறந்திருக்கிறது.

மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். பெண் என்னைப் பார்த்தாள். நான் கீபோர்டைப் பார்த்தேன். காலால் பிளக்கைத் தட்டிவிடலாம் என்றால், முதலாளி புது விசிறியின் பெருமையைக் காட்ட என் பக்கத்திலேயே நாற்காலி போட்டிருந்தார். தினம். கணம். மகேந்திரம். திரை துளி நடுங்கவில்லை. ரஜ்ஜுவுக்கு இரண்டு பொருத்தம் இருக்கையில், தெருவோடு சேர்த்துக் கரண்டு போனது. திரை செத்தது. பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“கரண்டு ஊருக்கே போனதுங்க,” என்றார் மாப்பிள்ளையின் அம்மா, ஓலை விசிறியை எடுத்துக்கொண்டு. “அது சகுனத்துல சேராதுங்க.”

அன்று நின்றதுபோலத்தான் நின்றது, அன்று இருண்டதுபோலத்தான் இருண்டது. ஆனாலும் சகுனங்களுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது; மின்சார வாரியத்துக்கு அதில் இடமில்லை. விவசாயி எல்லோருக்கும் டீ சொன்னார். கரண்டு வந்தது. பத்துக்கு எட்டு, ரஜ்ஜு உத்தமம் என்று பிரிண்டர் கிர்ர்கிர்ரென்று கீறித் தள்ளியது. விவசாயி தாளைக் கிழித்துக் கண்ணில் ஒற்றினார்.

“எனக்கு இஷ்டமில்லப்பா,” என்றாள் பெண்.

“ஏத்தா, வாய மூடு.”

“அன்னைக்கு மெசினு நின்னப்ப, வேண்டாங்குதுன்னு எல்லாரும் காது குடுத்தீங்கள்ல? இன்னைக்கு நான் சொல்றேன். எனக்கு வேணாம். நான் படிக்கப் போறேன்.”

மாப்பிள்ளையின் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பதில் கோபமாகத்தான் வரும் என்று நினைத்தேன்.

“இப்படிப் பேசற புள்ளைதானுங்க மண்டிக்கு வேணும்,” என்றார் பெருமூச்சோடு. “எங்களுக்குக் குடுத்து வைக்கலீங்க. வரட்டுங்களா.” அவரைச் சமாதானம் செய்ய முதலாளி பின்னாலேயே இறங்கி ஓடினார்.

விவசாயி தாளை நாலாக மடித்து என் மேசையில் வைத்தார்.

“தம்பி, ஊர்ல கேப்பாக. பிள்ள வேணாம்னுச்சுன்னா, நீயெல்லாம் ஒரு ஆம்பளையாம்பாக. மெசினு நின்னுபோச்சுன்னா ஒரு பய பேச மாட்டான்.”

“அப்படியே சொல்லிருங்கப்பா,” என்றாள் அவள், மெதுவாக.

“பொய் சொல்லிப் பழக்கமில்லத்தா எனக்கு.” என் பக்கம் திரும்பினார். “ஒருதரம் நிறுத்திக் காட்டுங்க தம்பி. கண்ணால பாத்துட்டுப் போயிர்றேன்.”

பொத்தானை அமுக்கினேன். விசிறி இறங்கி அடங்கியது. திரை இருண்டது. அவர் குனிந்து, நிஜமாகவே நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டார்.

“எதுல நின்னுச்சு?”

“ரஜ்ஜுல,” என்றேன்.

“ரச்சுல நின்னுபோச்சு... ரச்சுல நின்னுபோச்சு...” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார். பின்னாலேயே அவள் குரல், துளியும் சிரிப்பில்லாமல்: “ரொம்ப முக்கியமான பொருத்தம்ப்பா அது.”