சித்தப்பா எந்தப் பக்கம் பார்த்து எழுவார்

சித்தப்பாவை எழுப்புவது எங்கள் வீட்டில் என் வேலை. கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் மாறி மாறி ஷிப்ட் பார்த்த மனிதர் அவர். படுத்தால் கட்டை. அம்மா கத்தினால் அசையமாட்டார், அப்பா உலுக்கினால் மறுபக்கம் திரும்பிக்கொள்வார். நான் டம்ளரில் தண்ணீர் எடுத்துப்போய் நெற்றியில் மூன்று சொட்டு விடுவேன். கண்ணைத் திறக்காமலே எழுந்து, முகம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகவே நடக்கத் தொடங்குவார். ஒருமுறை அப்படியே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார். அதைச் சொல்லிச் சொல்லிச் சித்தி சிரிப்பாள். அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம், ஐப்பசி மழையில் சித்தப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் ஆஸ்பத்திரி வண்டியில் கொண்டுவந்து இறக்கிக் கூடத்தில் கிடத்தினார்கள். நான் வழக்கம்போல டம்ளரோடு போனேன். அம்மா அதைப் பிடுங்கி வைத்துவிட்டு என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

எங்கள் சபை சின்னது. பிழைக்க வந்து குடியேறிய கொஞ்சம் குடும்பங்கள், சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு ஜெபவீடு, அவ்வளவுதான். கல்லறைக்கென்று கம்பெனிக்குப் பின்புறம் அப்போதுதான் ஒரு துண்டு நிலம் கிடைத்திருந்தது. அதில் முதல் குழி சித்தப்பாவுக்கு என்று ஆயிற்று. சித்தியைப் பிடித்துக்கொள்ளவே வீட்டில் ஆள் போதவில்லை. என்னை யார் பார்ப்பது என்று, குழி வெட்டப் போன வேனில் அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டார்.

புதுவாயலிலிருந்து கூட்டிவந்த ஆள் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, “தல எந்தாண்ட, கால் எந்தாண்ட?” என்று கேட்டார். எங்கள் வழக்கத்தில் கால் கிழக்கே இருக்க வேண்டும். கர்த்தர் கிழக்கிலிருந்து வருவார். மரித்தவர்கள் எழுந்து நிற்கும்போது முகம் அவரைப் பார்த்திருக்க வேண்டும். அதெல்லாம் சரி, கிழக்கு எது? இரண்டு நாளாகச் சூரியனையே காணோம். அந்தக் காலத்துச் செல்போனுக்குத் திசை சொல்லத் தெரியாது. நாலு பெரியவர்கள் நாலு பக்கம் கையைக் காட்டி, குரலை உயர்த்திக்கொண்டு நின்றார்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது.

நான் கம்பெனிப் புகைபோக்கியைக் காட்டினேன். எங்கள் வாசலில் நின்றால் தினமும் சூரியன் அதற்குப் பின்னாலிருந்துதான் வரும். திசைப் பாடத்தில் பத்துக்குப் பத்து வாங்கியவள் நான், கை நடுங்காமல் காட்டினேன்.

“படிக்கிற புள்ள, கரெக்டா சொல்லுது பாரு,” என்றார் சபை மூப்பர்.

அங்கே இருந்த எல்லோருக்கும் அந்தப் புகைபோக்கிக்குப் பின்னால்தான் தினமும் பொழுது விடியும். அதனால் ஒருவரும் மறுக்கவில்லை. வேன் கம்பெனியைச் சுற்றிக்கொண்டு அதன் மறுபக்கத்தில் வந்து நிற்கிறது என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சித்தி அப்போது ஆறு மாதம். இது முடிவல்ல, தூக்கம்தான், கடைசி எக்காளம் ஊதும்போது மரணம் தோற்றுப்போகும், நம்முடையவர்கள் எழுந்து வருவார்கள் என்று போதகர் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட்டாள், தூங்கினாள், தை மாதம் பெண்பிள்ளையைப் பெற்றாள். “ஒங்க சித்தப்பா கெழக்க பாத்து எழுந்து நிப்பாரு. மொதல்ல கர்த்தர பாப்பாரு, அப்பால நம்மள பாப்பாரு,” என்பாள். மறுநாள் ஊரிலிருந்து வருகிற ஆளைப் பற்றிச் சொல்வதுபோல் அவ்வளவு நிச்சயமாகச் சொல்வாள். எனக்கும் அதில் சந்தேகம் இருந்ததில்லை.

ஈஸ்டர் அன்று இருட்டோடு மெழுகுவர்த்தி ஏந்திக்கொண்டு சபை முழுக்கக் கல்லறைக்குப் போனது. குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுச் சித்தியும் வந்தாள். அடக்கத்துக்குப் பிறகு அவள் அங்கே வருவது அதுதான் முதல் தடவை, எனக்கும்தான். சித்தப்பாவோடு வேலை பார்த்தவர்கள் கம்பியை வெல்டிங் செய்து கொடுத்த சிலுவை தலைமாட்டில் நின்றது. எல்லோரும் புகைபோக்கியைப் பார்த்து நின்று பாடினோம்.

முதலில் புகைபோக்கியின் நுனி சிவந்தது. வீட்டிலிருந்து பார்க்கும்போது காலையில் அது கறுப்பாகத்தான் தெரியும். வெளிச்சம் அதற்குப் பின்னால் அல்லவா இருக்கும்? நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் முதுகுக்குப் பின்னால், தைலமரங்களுக்கு மேலே வானம் வெளுத்துக்கொண்டிருந்தது.

சித்தப்பாவை நான் தலைமாடு கால்மாடாகப் படுக்கவைத்துவிட்டேன். எக்காளம் ஊதும். கண்ணைத் திறக்காமல் எழுவார். எதிரே கம்பெனி. சங்கு ஊதிவிட்டது என்று நினைத்து நேரே ஷிப்டுக்குப் போய்விடுவார். கர்த்தர் பின்னால் நின்று கூப்பிட்டாலும் காதில் விழாது. போதகரோ, பாட்டுக்கு இடையிடையே, அந்த நாள் இன்றாகவும் இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கு மட்டும் வேண்டாம் ஆண்டவரே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபித்தேன்.

சூரியன் மரத்துக்கு மேலே வருவதற்குள் சித்தியை அங்கிருந்து கிளப்பிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. புடவையைப் பிடித்து இழுத்தேன். பாப்பா அழும், வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

“இரு. சூரியன் வரட்டும்,” என்றாள் சித்தி, கண்ணை மூடியபடியே. “அவரு மொகத்துக்கு நேரா வெயிலு வர்றத பாத்துட்டு போலாம்.”

அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. சிலுவை நட வந்த அன்றே அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் தோளில் கையை வைத்து அழுத்தினார். வாயைத் திறக்காதே என்று அதற்கு அர்த்தம்.

வெயில் வந்தது. சிலுவையின் நிழல் மண்மேட்டின்மேல் நீளமாக விழுந்து கம்பெனிச் சுவர்ப்பக்கம் போயிற்று. சித்தி கண்ணைத் திறந்து அந்த நிழலைப் பார்த்தாள். பிறகு திரும்பிச் சூரியனைப் பார்த்தாள். பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றுபோனது.

“மாமா, வெயிலு பின்னாலேர்ந்து வருது,” என்றாள் அப்பாவிடம்.

தோண்டித் திருப்பி வைத்துவிடலாம் என்று ஒருவர் முணுமுணுத்தார். ஆறு மாதத்துக்குப் பிறகா, அதிகாரியிடம் உத்தரவு இல்லாமலா என்று இன்னொருவர் அவரை அடக்கினார். ஆண்டவருக்குத் திசை கிடையாது, எந்தப் பக்கம் படுத்திருந்தாலும் பேர் சொல்லிக் கூப்பிடுவார் என்றார் போதகர்.

“அப்ப அன்னிக்கி இன்னாத்துக்கு ஐயா அம்மாம் நேரம் கெழக்க தேடுனீங்க?”

சித்தி சத்தம் போட்டுக் கேட்கவில்லை. ஆனாலும் போதகர் புத்தகத்தை மூடிக்கொண்டார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நான்தான் காட்டினேன், நான்தான் என்று அலறி அழுதேன்.

சித்தி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கிட்டே வந்து குந்தி, முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள்.

“அவர எழுப்புறது யாரு? நீதான? அன்னிக்கும் நீயே போயி எழுப்பு. எழுப்பி, இந்தாண்ட திருப்பி வுட்டுடு.”

சரி என்று தலையாட்டினேன். எனக்குத் தெரிந்த வேலைதானே. அழுகை அந்த இடத்திலேயே நின்றுபோனது. அதற்குப் பிறகு ரொம்ப வருஷம் தலைமாட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் படுத்தேன்.

எல்லோரும் வேனுக்கு நடந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். சித்தி மண்மேட்டைச் சுற்றி, சித்தப்பாவின் கால்மாட்டுக்கும் கம்பெனிச் சுவருக்கும் நடுவே இருந்த காலி இடத்துக்குப் போனாள். ஒரு காலுக்கு முன் ஒரு காலாக வைத்து அந்த இடத்தை அளந்தாள். அளந்துவிட்டு, முகத்தில் வெயில் விழ, சித்தப்பாவைப் பார்த்து நின்றாள். அப்பா அவளிடம் போனார். அவள் இரண்டு வார்த்தை சொன்னாள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

இப்போது அந்த நிலத்தில் நிறையக் கல்லறைகள், எல்லாம் ஒழுங்காகக் கிழக்கே கால் நீட்டியவை. சுவரோரத்தில் அந்த ஆறடியை மட்டும் சபை யாருக்கும் கொடுப்பதில்லை. சித்தியின் மகள் வேலைக்குப் போகிறாள். சித்தி ஒவ்வொரு ஈஸ்டருக்கும் வந்து அந்த ஆறடியில் முளைத்த புல்லைப் பிடுங்கிவிட்டுப் போகிறாள். அவள் காலம் வந்ததும் அவளை அங்கே முறைப்படி கிழக்கே கால் நீட்டித்தான் வைப்பார்கள். அந்த நாளில் எக்காளம் ஊதி இருவரும் எழுந்தால், அவர் கண்ணைத் திறந்ததும் முதலில் பார்ப்பது அவள் முகமாக இருக்கும்.

அந்த முதல் ஈஸ்டர் அன்று சித்திக்கு வயது இருபத்திரண்டு. நான் வேனிலிருந்து குதித்து வீட்டுக்குள் ஓடி, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம், சித்தி அங்கே பூச்செடி வைக்கப்போகிறாள், இடம்கூட அளந்துவிட்டாள் என்று சந்தோஷமாகச் சொன்னேன்.