குப்புறக் கிடந்து வரவேற்பதா?

சீழ், மலம், அழுகிய சதையின் நாற்றம், இவை எதுவும் என் சாப்பாட்டைத் தடுத்ததில்லை. காலையில் ஒருவருடைய புண்ணைக் கழுவிவிட்டு, கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிட்டு, அந்த வீட்டு மாமர நிழலிலேயே பெட்டியைத் திறந்து மீன் குழம்பும் சோறும் சாப்பிடுகிற ஆள் நான். ஆனால் மாலை, பொன்னாடை, கமரா இவை மூன்றும் ஒரு முற்றத்தில் ஒன்றாக நிற்பதைக் கண்டால் எனக்கு வயிற்றைப் பிரட்டும். இன்றைக்கும் அப்படித்தான்.

பரந்தனில் என் வீடு. அங்கிருந்து ஸ்கூட்டியில் புறப்பட்டு, முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் தாதி நான். புண்ணுக்கு மருந்து கட்ட வேண்டும், சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டும், விறைத்துப்போன கால்களை மடக்கி நீட்டிவிட வேண்டும். அதோடு வீட்டுக்காரருடன் சண்டையும் பிடிக்க வேண்டும். சம்பளம் முதல் சொன்னவற்றுக்குத்தான் தருகிறார்கள். நேரம் போவதெல்லாம் சண்டைக்கு.

உடையார்கட்டுப் பக்கம் நான் பார்த்துவந்தவர்களில் ஒருத்தி, யுத்தத்தின் கடைசி மாதங்களில் முதுகில் ஷெல் துண்டு ஏறியபோது பள்ளிக்கூடப் பிள்ளை. இப்போது முப்பது தாண்டிவிட்டாள். தமக்கையின் வீட்டில் இருந்தாள். வாய்க்காரி. நான் ஒரு கிழமை பிந்திப் போனால், “மிஸ்ஸுக்கு எங்கட றோட்டு மறந்துபோச்சாக்கும்” என்பாள். கையால் செய்கிற வேலை எதைக் கொடுத்தாலும் செய்வாள். ஊரில் பாதிப் பெண்களின் சட்டைகளுக்கு அவள்தான் ஊசி நூலால் பொத்தான் துளை கட்டிக் கொடுத்தாள்.

அவளுக்கு இருந்த பெரிய வில்லங்கம், கதிரையில் உட்கார்ந்து இருக்கும்போது அழுந்துகிற பிட்டத்து எலும்பின் மேல் வந்த புண். கீழே உணர்ச்சி இல்லை. அழுந்தினாலும் தெரியாது, நொந்தாலும் தெரியாது. நாமெல்லாம் கொஞ்சநேரம் இருந்தால் நம்மை அறியாமலே உடம்பை அசைத்து அரக்கி இருப்போம். அவள் நினைத்து நினைத்து இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கினால்தான் அந்த இடத்துக்கு இரத்தம் போகும். புண் வந்துவிட்டால் மருந்து இரண்டாம் பட்சம். குப்புறப் படுக்க வேண்டும். மாதக்கணக்கில், நெஞ்சுக்குக் கீழே தலையணை வைத்து, நாடியை ஊன்றிக்கொண்டு கிடக்க வேண்டும்.

அவள் கிடந்தாள். சும்மா கிடக்கவில்லை, ஒரு காரியத்துக்காகக் கிடந்தாள். சந்தியிலுள்ள தையல் நிலையத்தின் பொறுப்பாளர் அம்மா அவளுடைய கைவேலையைப் பார்த்துவிட்டு, முழங்கையால் அழுத்தி ஓட்டுகிற மாதிரி ஒரு மெசினை மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார். புண் முழுக்க மூடவேண்டும், அரை நாளாவது கதிரையில் இருக்க உடம்பு இடம்கொடுக்க வேண்டும். பொங்கல் முடிய வா என்று பேச்சு. அவளுக்கு அதைவிட வேறு நினைப்பே இல்லை. நான் கட்டை அவிழ்க்க முன்னமே, “எவ்வளவு மூடியிருக்கு மிஸ்?” என்று கேட்பாள். மார்கழி பிறந்தபோது புண் ஒரு மஞ்சாடி விதை அளவுக்குச் சுருங்கிவிட்டது.

“இந்தப் பொங்கலோட நான் உழைக்கிற பொம்பிளை மிஸ். அக்காவிட்டைச் சவர்க்காரத்துக்கும் கையேந்தத் தேவையில்லை” என்றாள். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

அடுத்த முறை மத்தியானம்போல நான் போனபோது முற்றத்தில் தகரப் பந்தல். வாடகைக் கதிரைகள். ஒலிவாங்கியில் ஊர்ச் சங்கத் தலைவர், “எமது உறவுகளின் உதவும் கரங்கள் என்றும் ஓயாது” என்று முழங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த ஐயா ஒருவர், வியர்த்து ஒழுகியபடி. நடுவில், பொலித்தீன் கூடக் கழற்றாத புதுச் சக்கர நாற்காலியில், சேலை உடுத்து, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி அவள். வீட்டுக்குள்ளே ஏற்கெனவே இதேமாதிரி வந்த நாற்காலிகள் மடித்து நெல்மூடைக்குப் பின்னால் கிடந்தன. ஒன்றில் கோழி அடை கிடந்தது.

நான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்து, “எவ்வளவு நேரமா இருக்கிறாய்?” என்றேன்.

“விடியக் காலமை இருத்தினவை மிஸ். ஐயா வாற வழியில கோயிலில இறங்கிட்டாராம்.”

“கையை ஊண்டித் தூக்கினியோ இல்லையோ?”

“எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம். பெரிய மனுசர் கதைக்கேக்க நெளியிறது மரியாதையோ?”

முகத்தில் வியர்வை கொட்டியது. உதடு வெளிறியிருந்தது. எனக்கு வந்த விசருக்கு, நாற்காலியின் பிரேக்கைக் காலால் தட்டிவிட்டு, மாலையும் பொன்னாடையுமாக அவளை அப்படியே வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனேன். தலைவர் பேச்சை நிறுத்திவிட்டு ஒலிவாங்கியிலேயே, “மிஸ், மிஸ், இன்னும் படம் எடுக்கேல்லை!” என்று கத்தினார்.

“படத்தைக் கொண்டுபோய் அடுப்பில போடுங்கோ” என்றேன்.

கட்டிலில் குப்புறத் திருப்பிப் படுக்கவைத்துச் சேலையை விலக்கினேன். சீ, அதை எப்படி எழுதுவது? மூத்திரப் பை தெரிந்தால் அசிங்கம் என்று பையைக் கழற்றி, குழாயை மடித்து ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டியிருந்தார்கள். மூத்திரம் நிறையாமல் இருக்க முதல்நாளே தண்ணீரை நிறுத்தியாயிற்று. புண் இருந்த இடத்தில் வாசனைப் பவுடர். தூவவில்லை, அள்ளி அடைத்திருந்தார்கள். இரத்தம் ஊறி அது பிட்டுக்குக் குழைத்த மா மாதிரிக் கட்டிபட்டுக் கிடந்தது. தண்ணீர் விட்டுக் கழுவக் கழுவ வந்துகொண்டே இருந்தது. கடைசியில் மூடியிருந்த சதையெல்லாம் பிய்ந்து, என் விரல் நுனி உள்ளே போகிற அளவுக்குப் பள்ளம். மல்லிகைப்பூ வாசனையும் சீழ் நாற்றமும் சேர்ந்து அடித்தன. அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு புண்ணுக்கு முன்னால் எனக்கு ஓங்காளித்தது.

“இதென்ன வேலை?” என்று பின்னாலேயே உள்ளே ஓடிவந்த தமக்கையைப் பார்த்துக் கேட்டேன்.

“வந்தவைக்கு மணக்கக்கூடாதெண்டு கொஞ்சம் போட்டனான் மிஸ்.” அழத் தொடங்கிவிட்டாள். “நாளைக்கு ஒரு கிணறெண்டாலும் கூரைத் தகரமெண்டாலும் அந்தத் தலைவரிட்டைத்தானே போகவேணும்? ஏலாதெண்டு என்னெண்டு சொல்லுறது?”

அவளைத் திட்டி என்ன வரப்போகிறது? அவளும் பாவம். திரும்பவும் குனிந்து புண்ணைக் கழுவினேன்.

வெளிநாட்டு ஐயா வாசலில் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது, அதுதான் இன்னும் எரிச்சல். நான் சொன்னேன்: “ஐயா, இவாவுக்குச் சக்கர நாற்காலி காணும், இனி வேண்டாம். தேவைப்படுறது காத்தடிக்கிற மெத்தை. படுக்கிறதுக்கு ஒண்டு, இருக்கிறதுக்குச் சின்னதா ஒண்டு. அது இருந்தா இந்தப் புண்ணே வராது.”

“வாங்கித் தரலாம் தங்கச்சி, அதுக்கென்ன” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். “ஆனா மெத்தை படத்தில விழாது. மேல ஆள் இருந்தா மறைஞ்சு போமெல்லே. அங்க சனம் கேக்கும், என்னத்தைக் குடுத்தனியள் எண்டு.”

மனிதர் பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டார். அதோடு விட்டாரா? போனைக் கையில் எடுத்துக்கொண்டு, “இந்தப் புண்ணை ஒருக்கா எடுக்கட்டோ? முகம் விழாமல் எடுக்கிறன். பாத்தா சனம் அள்ளிக் குடுக்கும்” என்றார்.

குப்புறக் கிடந்தவளின் தோள் இறுகியதைக் கண்டேன். அவளுக்கு எல்லாம் காதில் விழுந்துகொண்டுதானே இருந்தது. கழுவிய தண்ணீர் பேசின் பாத்திரத்தில் என் காலடியில் இருந்தது. அதைத் தூக்கி அவர் தலையில் ஊற்றாமல் விட்டதற்குக் காரணம் என் பொறுமை என்று யாரும் நினைக்கவேண்டாம். வேலை போய்விடும் என்ற பயம்தான். கதவைச் சாத்தினேன். வெளியே தலைவர், “மிஸ் கொஞ்சம் கோவக்காரி, ஆனா நல்ல மனம்” என்று சமாளிப்பது கேட்டது. பிறகு ரோல்ஸும் சோடாவும் பரிமாறினார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. அப்படியே திருப்பி அனுப்பினேன்.

புண் எலும்புவரை போய்விட்டது. காய்ச்சல் வந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பொங்கலும் அங்கேதான் கழிந்தது. தையல் நிலையத்து அம்மா பார்க்க வந்தார். மெசினை எத்தனை காலம்தான் சும்மா வைத்திருப்பது, அதை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆவணியில் இன்னொன்று வரும், அதற்குள் புண் மூடினால் அது உனக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் தலையை ஆட்டினாள்.

நான் விடவில்லை. “ஏன் பிள்ளை இருந்தனி? உனக்குத் தெரியாததோ? ஏலாதெண்டு படுத்திருந்தா உன்னைத் தூக்கியே இருத்தியிருப்பினம்?” என்று கேட்டேன்.

“என்ன கதை மிஸ் இது? வீடு தேடி வந்த ஆம்பிளையளுக்கு முன்னால ஒரு பொம்பிளை குப்புறக் கிடந்துகொண்டு, வாங்கோ இருங்கோ எண்டு சொல்லுறதோ? எனக்கே வெக்கமாக் கிடந்தது. நான்தான் அக்காவிட்டை இருத்திவிடச் சொன்னனான்.”

அது அவளுடைய குணம் மட்டுமில்லை, எங்கள் எல்லோருடைய குணமும்தான். காய்ச்சலில் கிடந்தாலும் ஆள் வந்தால் போர்வையைச் சுற்றிக்கொண்டு எழும்பி இருப்போம். வயிற்றில் தையல் போட்டவர்கள்கூட வைத்தியர் வாட்டுக்குள் வரும்போது எழும்பப் பார்த்து, தையல் இழுத்து ஐயோ என்று விழுவதை நான் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். படுத்த இடத்திலிருந்து வரவேற்கக்கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இந்த மரியாதையின் மேல் எனக்கு வந்த வெறுப்பை என்னவென்று சொல்ல? தூ, என்ன மரியாதை இது! கமராக்காரரைத் திட்டலாம், தலைவரைத் திட்டலாம். உயிரைக் கொடுத்து உபசரிக்கிற இந்தப் பழக்கத்தை எங்கே கொண்டுபோய்த் திட்டுவது?

“உன்ர மரியாதை உன்ர எலும்பைத் தின்னுது” என்றேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபிறகு திரும்ப முதலிலிருந்து குப்புறக் கிடக்கத் தொடங்கினாள். பங்குனி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அப்படிக் கிடப்பது பெரிய கொடுமை. நெஞ்செல்லாம் வியர்க்குரு. நாடியில் தலையணைத் தழும்பு. புண் மெல்ல மெல்லச் சுத்தமானது, ஆனால் பள்ளம் நிரம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஆவணி வருகிறது, ஆவணி வருகிறது என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆனியில் ஒருநாள் நான் போய் ஸ்கூட்டியை நிறுத்தினால் திரும்பவும் பந்தல். அதே தலைவர், வேறு ஐயாமார். எனக்கு இரத்தம் கொதித்தது. இறங்கி ஓடினேன். நடுவில் ஒரு புதுச் சக்கர நாற்காலி. அதில் மாலையோடு ஒரு பெண், முழங்காலுக்கு மேல் போர்வை போர்த்தியிருந்தது. கிட்டப் போனபோது அவள் தலையைக் குனிந்தாள். தமக்கை! காலையில் கிணற்றடியில் இரண்டு வாளியையும் ஒன்றாகத் தூக்கி நடக்கிற மனுசி, இரண்டு காலையும் ஒட்டிவைத்து அசையாமல் இருந்தாள். தலைவர் என்னை ஓரமாக இழுத்துக் குசுகுசுத்தார்: “சத்தம் போடாதையுங்கோ மிஸ். சொந்தத் தமக்கைதானே, ஒரே முகச்சாடை. அவையளுக்கு என்ன தெரியப்போகுது?”

கையை உதறிவிட்டு உள்ளே போனேன். அவள் கட்டிலில் குப்புறக் கிடந்தாள். வெளியே கை தட்டினார்கள்.

“வெளியில நடக்கிறது உனக்குத் தெரியுமோ?”

“ஓம் மிஸ். முதல்ல என்னைத்தான் கேட்டவை. நான் எழும்பமாட்டன், வாறவை விரும்பினா நிலத்தில குந்தி இருந்து என்ர முகத்தைப் பாக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டன். ஒருத்தரும் உள்ளுக்கு வரேல்லை. பிறகுதான் அக்காவை இருத்தினவை.”

“அருவருப்பா இல்லையோ உனக்கு? எனக்கெண்டா வயித்தைப் பிரட்டுது.”

“ஆர் இருந்தா என்ன மிஸ்? நான் இருக்கேல்லை. கட்டை அவிட்டுப் புண்ணைப் பாருங்கோ.”

அவிழ்த்தேன். சீழ் இல்லை, நாற்றமும் இல்லை. பள்ளத்தின் அடியிலிருந்து சிவப்பாகப் புதுச் சதை மேலே வந்திருந்தது.

“நிரம்பியிருக்கோ?” என்று தலையணைக்குள்ளிருந்து கேட்டாள்.

“ஓம் பிள்ளை, நிரம்பி வருது” என்றேன். வெளியே ஒலிவாங்கியில் தமக்கை, தங்கையின் பெயரைத் தன் பெயராகச் சொல்லி, வந்தவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.