வக்கீல் அம்மா எழுதிய கடைசி வரி

பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் தொழில். ஒருவருக்குக் கொடுத்த டிசைனை ஊரே நெய்துவிடுகிறதே என்று, ஒப்பந்தம் எழுதித் தரக் கேட்டு எங்கள் ஊர் வக்கீல் அம்மா ஒருவரிடம் போனேன்.

நரைத்த கிராப்பு, முழங்கையில் நைந்த கறுப்புக் கோட்டு. ஒவ்வொரு வரியையும் எழுதி, உரக்கப் படித்து, அறையில் யார் இருந்தாலும், டீ கொண்டுவந்தவரிடம்கூட, "புரியுதாபா?" என்பார். புரியாவிட்டால் அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதுவார். வாரக்கணக்கில் அப்படி இழைத்தார்.

பிறகொரு நாள், அதே ஒப்பந்தத்தை வேறொரு வக்கீல் தன் பெயரில் விற்பதைப் பார்த்தேன். கொதித்துப்போய் ஒரு நகலை அம்மாவின் மேஜையில் போட்டேன்.

"அப்படியே சுட்டுட்டாரு மேடம். கேஸ் போடுங்க."

நிதானமாகப் படித்தார். முகம் மலர்ந்தது.

"டிசைன் உன்னுதுபா. ஒப்பந்த வார்த்தை அப்படியில்ல. உங்க தெருவுல காலையில தறிக்கு நூல நீளமா இழுத்துக் கட்டி பாவு நீட்டுறாங்களே, நூலு ஒருத்தருது, தெரு எல்லாருக்கும்தானே? இது தெரு. கடைசி வரிய படி."

படித்தேன். என் பிரதியிலும் இருந்து நான் கவனிக்காமல் விட்ட வரி: 'இந்த வாசகம் யாருக்கும் சொந்தமில்லை. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். எழுதியவர் பெயர் வேண்டாம்.' அதன் கீழேயே அந்த வக்கீலின் முத்திரை!

"அதையும் சேத்துதான் எடுத்துக்கினு போயிருக்காரு" என்று சிரித்தார்.

இன்று எங்கள் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் டிசைன் கைமாறுவது அந்த வார்த்தைகளில்தான். அடியில் யார் யாரோ பெயர்கள். அவர் பெயர் எதிலும் இல்லை.

தெருவில் பாவு நீட்டியிருக்கும் காலைகளில் வண்டியை நிறுத்திக் காத்திருப்பேன். இந்தத் தெருவைப் போட்டவர் பெயரும் எங்களில் யாருக்கும் தெரியாது.