கார் சாவிக்கு வைத்த பொட்டு

ஒரு வாரமா கார் ரிமோட்ல அன்லாக் பட்டன் வேலை செய்யல. புது பேட்டரி போட்டும் அதே கதைதான்.

"உன் ஹேண்ட்பேக்ல கிடந்து ஹேண்ட் க்ரீம் உள்ள போயிருக்கும்"னு மனைவிகிட்ட தினமும் சொல்லிட்டிருந்தேன்.

இன்னிக்கு உக்காந்து ரிமோட்டைப் பிரிச்சேன். பட்டனுக்கு அடியில காஞ்சுபோன சந்தனம், அதுல கொஞ்சம் குங்குமம்.

அவ எட்டிப் பார்த்தா. "என் க்ரீம் வெள்ளைக் கலர்"னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டா.

ஆயுத பூஜைக்கு சாவி, லேப்டாப்னு எல்லாத்துக்கும் தாராளமா பொட்டு வச்சது நான்தான்.

ஆல்கஹால்ல பஞ்சைத் தொட்டுத் துடைச்சு, எங்க அமெரிக்க ஊர் ஃபிரிஸ்கோ வெயில்ல காய வச்சேன். கார் திறந்துடுச்சு.

ஆஃபீஸ் லேப்டாப்லயும் ஸ்பேஸ் பார் ஒட்டுது. ஐடி டீமுக்கு என்ன காரணம் எழுதறதுன்னு யாராவது சொல்லுங்க.