பருப்பொருளும் பரம்பொருளும்

அச்சகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிழை திருத்துபவர் அவர், எல்லோருக்கும் அக்கா. கணவர் இறந்த எட்டாம் மாதம், ஆதித் திருச்சபையின் சிந்தனையாளர்கள் படைப்பைப் பற்றிச் சொன்னவற்றை விளக்கும் நூல் ஒன்று அவரிடம் வந்தது. பருப்பொருள் தீயது என்றவர்களை அவர்கள் மறுத்திருந்தார்கள். மண்ணையும் சதையையும் கடவுளே ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தார், அவை நல்லவை என்றார்கள்.

மூன்று முறை திருத்தி முடித்த பிறகு, பக்கம் அமைப்பவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

“அக்கா, ‘பரம்பொருள் ஒன்றுமில்லாமையிலிருந்து படைக்கப்பட்டது’ன்னு இருக்கு. கடவுளையே படைச்சு விட்டுட்டீங்களே.”

பருப்பொருள் என்று இருக்க வேண்டிய இடம். மூன்று முறையும் அவர் கண் அங்கே நிற்காமல் அடுத்த வரிக்கு ஓடியிருந்தது: ‘ஆகவே உடலும் இழிந்ததன்று, அதுவும் ஒருநாள் உயிர்த்தெழும்.’

திருத்திக் கொடுத்தார். மறுநாள் நூலை எழுதிய பாதிரியார் வந்தபோது, அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஃபாதர், எழும்பும்னா அதே உடம்பா? எங்க வீட்டுக்காரர் கட்டைவிரல்ல ஒரு தழும்பு உண்டு. அதுவும் வருமா?”

பாதிரியார் யோசித்தார். “குறையெல்லாம் நீங்கித்தான் எழும்பும்னு நிறைய பேர் எழுதியிருக்காங்கம்மா.”

“அது குறையில்ல ஃபாதர்,” என்றார் அக்கா. “அதோட வந்தாத்தான் அவரு.”