கடல் பூச்சிக்குச் சாப்பாடு போடுகிறவள்

உப்புத்தண்ணி மீன் வளர்க்கிறவர்கள் மீனுக்குச் சாப்பாடு போடுவார்கள். நான் அந்தச் சாப்பாட்டுக்கே சாப்பாடு போடுகிறவள். கோலா சாவா தோட்டத்து வீட்டுப் பின்பக்கம் ஆறு வாளி. உள்ளே தூசி மாதிரி துள்ளும் கடல் பூச்சி. அதுக்குத் தீனி, பாசி பிடித்த பச்சைத் தண்ணி. ஆசையாய் வாங்கிய மீன் சாப்பிடாமல் முகத்தைத் திருப்ப, நொந்துபோன கூட்டாளிகளே, நம்ம பாடு நமக்குத்தான் தெரியும்!

வெறும் தண்ணி

முரளிக்குத் தம்பின் டவுனில் மோட்டார் சைக்கிள் பட்டறை. மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு மாண்டரின் மீன் வாங்கினார். அந்த மீனுக்கு நாக்கு நீளம். உயிரோடு துள்ளினால்தான் தின்னும். வயிறு ஒட்டிப்போச்சு என்று பதறி வந்தவர், நான் கொடுத்த போத்தலைத் தூக்கிப் பார்த்து, வெறும் தண்ணிதானே என்று முறைத்தார். பக்கத்தில் கைப்பேசி வெளிச்சத்தைக் காட்டினேன். புள்ளியெல்லாம் அங்கே ஓடிக் கூடியது.

"அடியாத்தி, பத்துமலைத் தைப்பூசக் கூட்டம் லா அக்கா!"

இரண்டாவது போத்தல்

யார் வாங்கினாலும், வீட்டில் வளர்க்க இன்னொரு போத்தலைக் கையில் திணித்து அனுப்புவேன். "வாரம் ஒரு தடவை பச்சைத் தண்ணி ஊத்துங்க, மூடியை இறுக்காதீங்க" என்று பாடமும் நடத்துவேன். முரளி சலித்துக்கொண்டார்.

"மீனைப் பாக்கவே நேரமில்ல, பூச்சிக்கும் நான் தாய்மாமனா?"

இந்திராணி அக்காவின் உதவி

எங்கள் லைன் வீடுகளுக்குக் கொசு சோதனை வரப்போகிறது, தண்ணி தேங்கியிருந்தால் சமன் கொடுத்து அபராதம் போடுவார்கள் என்று பேச்சு. அன்றைக்குப் பார்த்து நான் சிரம்பானுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு இந்திராணி அக்கா, என்மேல் உள்ள பாசத்தில், ஆறு வாளியிலும் கொசுப்புழு மருந்தைத் தூவிவிட்டார். புழுவைக் கொல்கிற மருந்து பூச்சியை விடுமா?

வந்து வெளிச்சம் அடித்தேன். ஒன்றுகூட அசையவில்லை. "என் கையில் எதுவும் சாகாது" என்று பெருமை பேசியவள், வாளிப் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அக்கா ஓடி வந்து முதுகைத் தடவினார்.

"அழாதே தங்கச்சி, ஒரு கொசு மிச்சமில்ல, உனக்கு சமன் வராது!"

ஜன்னலோரம்

மறுநாள் முரளியின் அழைப்பு. பூச்சி தீர்ந்து மூன்று நாள், மீன் மூலையில் சுருண்டு கிடக்கிறதாம், மகள் சோறு தொடவில்லையாம். நான் கொடுத்த இன்னொரு போத்தல் உயிரோடு இருக்கிறதா என்று மற்ற வாடிக்கையாளர்களை ஒருவர் விடாமல் கேட்டேன். அக்கறையான ஆட்கள்! தினமும் தீனி ஊற்றி, தண்ணி நாறி, எல்லாம் செத்துவிட்டதாம்.

கடைசியாக முரளியிடமே கேட்டேன். "அந்த இன்னொரு போத்தலா? பட்டறை ஜன்னல்ல, ஸ்பேனர் டப்பா பின்னால போட்டேன். மறந்தே போச்சுக்கா." வீடியோவில் காட்டச் சொன்னேன். காலை வெயில் பட்டு, பச்சை மாறாமல் இருந்தது. வெளிச்சம் அடித்தார். துள்ளியது! எனக்குக் கத்தவே தோன்றியது, கத்தியும்விட்டேன்.

பாதி அவர் மீனுக்கு. அன்றைக்கே அது தலை நிமிர்ந்து கொத்த ஆரம்பித்துவிட்டது. மீதிப் பாதியை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து என் கையில் திணித்தார்.

"வாரம் ஒரு தடவை பச்சைத் தண்ணி ஊத்துங்க, மூடியை இறுக்காதீங்க, அந்தப் பக்கத்து வீட்டு அக்காவை மட்டும் கிட்ட விடாதீங்க!"

இப்போது மறுபடி ஆறு வாளியும் துள்ளுகிறது. ஆனால் இன்னொரு போத்தலை நான் திணிப்பது, சொன்னபடி கேட்கிற ஆளாகப் பார்த்து அல்ல, கொண்டுபோய் மறந்துவிடுகிற ஆளாகப் பார்த்துத்தான்.