ஹெப்சிபா போட்ட இன்டெக்ஸ்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் ஹெப்சிபா வேலைக்குச் சேர்ந்தது 1998இல். வரும் லாரிக்காரர் சொல்லும் கன்டெய்னர் பெட்டியின் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டி, அது எங்கே கிடக்கிறது என்று சீட்டு தர வேண்டும். ஃபாக்ஸ்புரோ என்ற கம்ப்யூட்டர் மொழி படித்திருந்ததால் புரோகிராமும் அவள் பொறுப்புதான். கணவன் நோயல் அங்கேயே டிரெய்லர் ஓட்டினான்.

பழைய புரோகிராம் முதல் பெட்டியில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகும். பெட்டிகள் பெருகப் பெருக, விடை வருவதற்குள் ஒரு டீயே குடித்துவிடலாம். வண்டிகள் ரோடு வரை வெயிலில் நிற்கும். நோயல் மட்டும் அலுத்துக்கொண்டதில்லை. தன் முறை வந்ததும் அவள் சீட்டு தரும் ஜன்னலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மகள் எல்சி காலையில் என்ன சாப்பிட்டாள், பள்ளிக்கு அழாமல் போனாளா என்று விசாரிப்பான். விடியுமுன் கிளம்பும் அவன் வீடு சேரும்போது பிள்ளை தூங்கிப்போயிருக்கும்.

ஒரு மதியம் ஹெப்சிபா ஒரே எண்ணை இரண்டு வழிகளில் தேடிப் பார்த்தாள். எந்த எண் எங்கே இருக்கிறது என்று வரிசைப்படுத்திக் காட்டும் இன்டெக்ஸ் என்ற தனிக் கோப்பைப் போட்டுத் தேடியபோது, விரலை எடுப்பதற்குள் விடை வந்து நின்றது. முதலில் பதிந்த பெட்டியைக் கேட்டால் இரண்டு வழியும் ஒன்றுபோலச் சட்டென்று விடை தந்தன. கடைசிப் பெட்டியைக் கேட்டபோதுதான் பழைய வழி திணறியது. மேனேஜர் சௌக்கத் அலியைக் கூப்பிட்டுக் காட்டினாள். உடனே மாற்றிவிடச் சொன்னார்.

மாற்றிய அன்றே வம்பு வந்தது. நோயல் கேட்ட பெட்டி இல்லை என்றது திரை. அது இறங்கியதைக் கண்ணால் பார்த்தவன் அவன். பின்னால் ஹாரன் சத்தம். ஹெப்சிபா அவசரமாக எண்ணை மறுபடி தட்டினாள்; அதே விடைதான்.

"நீ நெதானமா பாரு ஹெப்சி. நான் நின்னுகினுதான கீறேன்" என்றான் நோயல். பின்னால் இருந்தவர்களிடம் அவனே போய்ப் பேசினான்.

பழைய வழியில் தேடினாள், பெட்டி கிடைத்தது. காலையில் புதிய பெட்டிகளைப் பதிந்தபோது இன்டெக்ஸைத் திறக்காமல் விட்டிருந்தாள். அதனால் அவை அதில் ஏறவே இல்லை. அப்போதே அதைப் புதுப்பித்து, இனிப் பதியும்போதெல்லாம் அதுவும் கூடவே திறக்கும்படி செய்தாள்.

சில நாளில் ரோட்டில் வண்டி நிற்பது நின்றுபோனது. நோயல் சீட்டை வாங்கும்போது சொன்னான்: "இன்னாம்மே, ஒரு வார்த்த பேசறதுக்குள்ள தொரத்தி வுடற?"

"வூட்டுக்கு சீக்கிரம் வா. பேசலாம்" என்றாள் ஹெப்சிபா, அடுத்த எண்ணைத் தட்டிக்கொண்டே.

அன்று பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டான். அவள் மீன் வறுத்துக்கொண்டிருந்தபோது, எல்சியை மடியில் உட்காரவைத்துத் தலை வாரிவிட்டான். வகிடு கோணலாகப் போயிருந்தது. ஹெப்சிபா பார்த்தாள்; திருத்தவில்லை.